சொற்செயலி ஆவணத்தை இணையப் பக்கமாக மாற்றுவது எப்படி

வேர்டில் எழுதி முடித்த ஆவணத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றால், பெரும்பாலோர் முழு உரையையும் தெரிவுசெய்து நகலெடுத்து, இணையதளத்தின் எழுதுபெட்டியில் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய இடத்தில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மறுநாள் கைப்பேசியில் திறந்தால் தலைப்புகள் மற்ற உரையோடு கலந்து கிடக்கும், அட்டவணை திரைக்கு வெளியே ஓடியிருக்கும், படங்கள் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம் நிற்கும். இவற்றை ஒட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் திருத்த முயல்வது முடிவில்லாத வேலை. இந்தக் கோளாறுகளில் ஏறக்குறைய எல்லாமே மூல ஆவணத்தில் தொடங்குகின்றன. அங்கேயே சரிசெய்துவிட்டால், மாற்றும் செயல் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆகவே மாற்றும் கருவிகளைப் பற்றிச் சொல்வதைவிட, மாற்றுவதற்கு முன் ஆவணத்தைப் பக்குவப்படுத்துவது பற்றியே இங்கு மிகுதியாகச் சொல்லியிருக்கிறேன்.

சொற்செயலிக்குத் தாளின் அகலமும் ஓரமும் முன்கூட்டியே தெரியும். ஒவ்வோர் எழுத்தும் எங்கே விழ வேண்டும் என்று அதனால் கணக்கிட முடியும். இணையப் பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. படிப்பவரின் திரை உள்ளங்கை அளவாகவும் இருக்கலாம், மேசையை அடைக்கும் அளவாகவும் இருக்கலாம். பார்வையற்றவர் ஒருவர் திரைவாசிப்பான் வழியாக அதைக் காதால் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். எனவே ஒரு வரி 16 புள்ளி அளவில் தடித்த எழுத்தில் இருக்கிறது என்ற செய்தி உலாவிக்குப் பெரிதாக உதவாது. அந்த வரி இரண்டாம் நிலைத் தலைப்பு என்ற செய்திதான் அதற்கு வேண்டும். ஆவணம் இந்தச் செய்தியை ஏற்கெனவே தன்னுள் வைத்திருந்தால் மாற்றும் கருவி அதை எடுத்துக் கொடுத்துவிடும்; ஆவணத்தில் இல்லாததை எந்தக் கருவியாலும் முழுமையாக ஊகிக்க இயலாது.

எழுத்துக் குறியேற்றத்தை முதலில் பாருங்கள்

தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை, வேறு எதையும் தொடுவதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உரை ஒருங்குறியில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறை) இருக்கிறதா, பழைய எழுத்துருக் குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் பழைய முறையில், இருக்கிறதா? 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது என்றாலும், அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி, திஸ்கி, டாம், டாப் என்று பல குறியேற்றங்களில் ஏராளமான ஆவணங்கள் எழுதப்பட்டுவிட்டன. சில இடங்களில் இன்றும் எழுதப்படுகின்றன.

பாமினியில் எழுதிய 'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். திரையில் நாம் காண்பது தமிழ். கோப்பில் உள்ளவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள் மட்டுமே. பாமினி எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கைப்பேசியிலோ பக்கத்தைத் திறந்தால் போர்வை விலகி, பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம் வெளிப்படும். எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பினால் கண்ணுக்குத் தமிழ் தெரியலாம். ஆனால் தேடுபொறி அதைத் தமிழாக அறியாது, திரைவாசிப்பானும் அதைத் தமிழாக ஒலிக்காது. ஆகவே ஒருங்குறிக்கு மாற்றாமல் இணையத்தில் ஏற்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஆவணம் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு சொல்லை நகலெடுத்து, எழுத்துரு அலங்காரம் ஏதும் இல்லாத நோட்பேட் போன்ற செயலியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் அது ஒருங்குறி. வேறு எதுவாகத் தெரிந்தாலும் அதை மாற்றியாக வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இதற்கென்றே உருவானவை. மூல எழுத்துருவின் பெயரைச் சரியாகத் தெரிவுசெய்வது இங்கே முக்கியம். பாமினியில் இருப்பதை வானவில் என்று சொல்லி மாற்றினால் கிடைப்பது குப்பைதான்.

மாற்றிய உரையை நம்பி அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரே பத்தியில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால், முழுவதையும் சேர்த்து மாற்றும்போது ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்துத் தேட இயலும் என்பதால், பழைய எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுவதே பாதுகாப்பானது. பாமினியில் காற்புள்ளி விசைக்கு உரிய எழுத்து 'இ' ஆகும். தட்டச்சு செய்தவர் காற்புள்ளியை மட்டும் ஆங்கில எழுத்துருவில் இட்டிருந்தால், மொத்தமாக மாற்றியபின் 'கண்ணன்இ முருகன்இ வேலன்' என்று ஒவ்வொரு பெயரின் வாலிலும் ஓர் இகரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இணையத்தில் இப்படிப்பட்ட பக்கங்களைப் பலர் கண்டிருப்பீர்கள்.

இன்னொரு பிழை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. 'கௌரவம்' என்ற சொல்லின் ஔகாரக் குறியும், 'கெ' என்ற எழுத்தை அடுத்து வரும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. ளகரம் இட்டு எழுதியிருந்தால், சரியாகத் தட்டச்சு செய்து தேடுபவருக்கு அந்தச் சொல் கிடைக்காது. கௌ, மௌ, சௌ, பௌ ஆகியவற்றின் பிழை வடிவங்களைத் தேடிக் கையால் திருத்துங்கள். 'கெளுத்தி' போன்ற சொற்களில் ளகரம் இருப்பதே சரி என்பதால், ஒரேயடியாக மாற்றிவிட வேண்டாம். ஒகரக் குறி ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்து கிடப்பது இதை ஒத்த மற்றொரு சிக்கல். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறி வடிவங்களை ஒன்றாக்கும் ஒருங்குறி இயல்பாக்கம், அதிலும் என்எஃப்சி எனப்படும் வடிவம், அதைத் தானாகவே சேர்த்துவிடும். ளகரப் பிழையை அது தொடாது.

தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுங்கள்

குறியேற்றம் சரியானபின் ஆவணத்தின் அமைப்புக்கு வரலாம். தலைப்பு ஒன்றைத் தெரிவுசெய்து, தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி, நடுவில் நிறுத்துவது பலருக்கும் கைவந்த பழக்கம். அப்படிச் செய்யப்பட்டது வேர்டின் கணக்கில் தலைப்பே ஆகாது; அது பெரிதாக எழுதப்பட்ட ஒரு சாதாரணப் பத்தி. அதை ஹெட்டிங் 1, ஹெட்டிங் 2 என்ற ஸ்டைல்களில் (பெயரிட்ட வடிவமைப்புகளில்) ஒன்றுக்கு மாற்ற வேண்டும். முதல் நிலைத் தலைப்பை ஆவணத்தின் பெயருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இயல்களுக்கு இரண்டாம் நிலையும் உட்பிரிவுகளுக்கு மூன்றாம் நிலையும் கொடுங்கள். எழுத்து சற்றுச் சிறிதாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று எண்ணி இரண்டிலிருந்து நான்குக்குத் தாவ வேண்டாம். அளவைப் பின்னர், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் பாணித்தாளில் (சிஎஸ்எஸ்) வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம்.

நூறு தலைப்புகள் உள்ள ஆவணமாக இருந்தாலும் இதைச் சில நிமிடங்களில் முடிக்க வழி இருக்கிறது. ஒரு தலைப்பின்மேல் சுட்டியை வைத்து, ஹோம் பட்டையில் உள்ள செலக்ட் பொத்தானின் கீழ் 'ஒத்த வடிவமைப்புடைய உரை அனைத்தையும் தெரிவுசெய்' என்ற பொருளில் வரும் கட்டளையை அழுத்தினால், அதே தோற்றமுள்ள எல்லா வரிகளும் ஒன்றாகத் தெரிவாகும். பிறகு ஹெட்டிங் 2 என்பதை ஒருமுறை அழுத்தினால் போதும். முடித்தவுடன் நேவிகேஷன் பேனைத் திறந்து பாருங்கள். ஆவணத்தின் எலும்புக்கூடு முழுவதும் அதில் வரிசையாகத் தெரியும். எது விடுபட்டது, எது தவறான நிலையில் நிற்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் கூகுள் டாக்ஸிலும் இதே ஏற்பாடு உண்டு.

பத்திகளுக்கு இடையே வெற்றுப் பத்தி, வரியை உள்ளே தள்ளுவதற்கு டாப் விசை, அடுத்த பக்கத்துக்குப் போவதற்குப் பத்து முறை என்டர் ஆகியவற்றைத் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு ஒட்டுமொத்தமாக நீக்குங்கள். பட்டியல்களில் எண்ணையும் 'அ)', 'ஆ)' போன்றவற்றையும் கையால் தட்டியிருந்தால், அவற்றை அழித்துவிட்டு வேர்டின் தானியங்கிப் பட்டியலாக மாற்றுங்கள். அடிக்குறிப்புகளும் அவ்வாறே: வேர்டின் அடிக்குறிப்பு வசதியால் இட்டவை இணையப் பக்கத்தில் இறுதிக்குச் சென்று, போகவும் திரும்பவும் இணைப்புகளோடு அமையும், மேலெழுத்தாக வெறும் எண்ணைத் தட்டியவை உயிரற்ற எண்களாகவே நின்றுவிடும்.

தாளுக்கு மட்டுமே பொருந்துபவை சில உண்டு. பக்க எண், பக்கத்தின் தலைப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் திரும்பத் திரும்ப வரும் வரிகள், பக்க எண்களோடு கூடிய உள்ளடக்கம் ஆகியவை இணையத்துக்குத் தேவையில்லை. ஆனால் அடிப்பகுதியில் 'திருத்திய பதிப்பு' என்பது போன்ற முக்கியமான செய்தி இருந்தால், மாற்றத்தில் அது காணாமற்போகும் என்பதால் உரைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். '14ஆம் பக்கம் காண்க' என்று எழுதியிருப்பதைத் தேடி, அந்தப் பகுதியின் தலைப்பைச் சொல்லும் இணைப்பாக மாற்றுங்கள்.

மறைந்திருப்பவற்றை அகற்றுங்கள்

இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். தவறவிட்டால் வரும் சங்கடம் பெரிது. ஓர் அமைப்பின் விதிமுறை ஆவணத்தைக் கூகுள் டாக்ஸிலிருந்து இணையப் பக்கமாக இறக்கி நான் ஏற்றிக் கொடுத்தபோது, உறுப்பினர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட கருத்துரைகள் எல்லாம் பக்கத்தின் அடியில் அடிக்குறிப்புகள் போல வரிசையாக வந்திருந்தன. மேல்பகுதியை மட்டும் சரிபார்த்துவிட்டு ஏற்றியது என் தவறு. இரண்டு நாள்கள் கழித்து ஒரு வாசகர் எழுதித் தெரிவிக்கும்வரை அது பொதுப்பார்வையில் இருந்தது. அன்றிலிருந்து எந்த ஆவணமானாலும் கருத்துரைகளை நீக்கி, டிராக் சேஞ்சஸ் வழியாக வந்த திருத்தங்களை ஏற்றோ மறுத்தோ முடித்த பிறகே அடுத்த படிக்குப் போகிறேன். வேர்டில் உள்ள இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்ற கட்டளை, மறைத்து வைத்த உரை, கருத்துரைகள், எழுதியவரின் பெயர் போன்ற தகவல்கள் ஆகியவற்றைத் தேடிக் காட்டும்.

படங்களிலும் இதே ஆபத்து உண்டு. வேர்டுக்குள் ஒரு படத்தின் ஓரத்தை வெட்டினால், வெட்டிய பகுதி பார்வையிலிருந்து மறைகிறதே தவிர, கோப்பில் அப்படியே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் வேர்டிலிருந்து இயல்பான வடிவமாக இருந்துவரும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி; அதன் பின்னொட்டைச் சிப் என்று மாற்றித் திறந்தால், வேர்ட் என்ற கோப்புறைக்குள் மீடியா என்ற கோப்புறையில் படங்கள் அனைத்தும் முழு அளவில் இருப்பதைக் காணலாம். மாற்றும் கருவிகள் பலவும் இந்த முழுப் படத்தையே எடுத்துக்கொள்ளும். ஆகவே படத்தை வேறொரு செயலியில் வெட்டிவிட்டு ஆவணத்தில் மீண்டும் செருகுங்கள். அல்லது கம்ப்ரஸ் பிக்சர்ஸ் கட்டளையில் வெட்டிய பகுதிகளை அழிக்கும் தெரிவைப் பயன்படுத்துங்கள். அதே வேளையில் ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதிவிடுங்கள். 'படம் 3' என்று எழுதுவதால் பார்வையற்ற வாசகருக்கு எந்தப் பயனும் இல்லை; அந்தப் படம் என்ன சொல்ல வந்ததோ அதை ஓரிரு சொற்றொடர்களில் எழுத வேண்டும்.

வேர்டிலேயே வரைந்த அம்புக்குறிகள், உரைப்பெட்டிகள், ஸ்மார்ட்ஆர்ட் ஆகியவை மாற்றத்தின்போது பெரும்பாலும் சிதைந்துபோகும் அல்லது விடுபட்டுவிடும். அவற்றைப் படமாகச் சேமித்து அதே இடத்தில் செருகுவது நல்லது. உரைப்பெட்டிக்குள் வெறும் உரை மட்டும் இருந்தால் வெளியே எடுத்துச் சாதாரணப் பத்தியாக்குங்கள்.

மாற்றும் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

வேர்டிலேயே இணையப் பக்கமாகச் சேமிக்கும் வசதி உண்டு. அதில் 'வெப் பேஜ்' என்ற தெரிவு, பின்னர் மீண்டும் வேர்டில் திறப்பதற்கு வேண்டிய தகவல்கள் அனைத்தையும் சேர்த்துக் கோப்பைப் பெருக்கிவிடும். 'வெப் பேஜ், ஃபில்டர்டு' என்பது அவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது. ஆயினும் தோற்றத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். தமிழ்ப் பத்தி ஒன்றை அப்படிச் சேமித்து, அந்தப் பக்கத்தின் மூல நிரலை (எச்டிஎம்எல்) திறந்து பாருங்கள். பல நேரங்களில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் ஒரு ஸ்பேன் குறிச்சொல்லுக்குள் (உலாவிக்கு உரையின் பகுதியைக் குறித்துக் காட்டும் சொல்) அடைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் லதா என்ற எழுத்துருவின் பெயர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். சேமிக்கும்போது வெப் ஆப்ஷன்ஸ் பகுதியில் குறியேற்றத்தை யுடிஎஃப்-8 (ஒருங்குறி எழுத்துகளைக் கோப்பில் எழுதும் முறை) என்று மாற்றாமல் விட்டால், 'க' என்ற ஓர் எழுத்து 2965 என்னும் எண்ணை நடுவில் கொண்ட ஏழு குறிகளாக எழுதப்படவும் கூடும். உலாவி அதைச் சரியாகவே காட்டும். பின்னாளில் ஒரு பிழையைத் திருத்த மூலத்தைத் திறப்பவருக்கோ அது வெறும் எண் காடு. ஒரே ஒரு பக்கத்தை அவசரமாக ஏற்ற வேண்டிய நேரத்தைத் தவிர வேறு எப்போதும் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

கூகுள் டாக்ஸ் இறக்கித் தரும் கோப்பு ஓரளவு தூய்மையானது. ஆயினும் அதில் உள்ள வெளி இணைப்புகள் கூகுளின் முகவரி ஒன்றின் வழியாகச் சுற்றிப் போகும்படி மாற்றப்பட்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நேர் முகவரியாக்க வேண்டும்.

என் தெரிவு பாண்டாக். ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட இந்தக் கட்டற்ற மென்பொருள், ஆவணத்தின் தோற்றத்தைப் பொருட்படுத்தாமல் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஹெட்டிங் 2 என்பது இரண்டாம் நிலைத் தலைப்புக் குறிச்சொல்லாகும், பட்டியல் பட்டியலாகும், அடிக்குறிப்பு இணைப்போடு இறுதிக்குப் போகும். பொத்தான்கள் இல்லாமல், கட்டளையைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில் இயங்குவது என்பதால் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை: மூலக் கோப்பின் பெயர், உருவாக வேண்டிய கோப்பின் பெயர், படங்களைப் பிரித்து வைக்க வேண்டிய கோப்புறையின் பெயர், முழுப் பக்கமாக வேண்டும் என்பதற்கான ஒரு குறி ஆகிய நான்கைத்தான் சொல்ல வேண்டும். உள்ளடக்கப் பட்டியல் வேண்டுமென்றால் இன்னொரு சொல் சேர்த்தால் போதும். தலைப்புகளிலிருந்து அதுவே தொகுத்துவிடும். வேர்டின் சமன்பாட்டு வசதியால் எழுதிய கணிதத்தை, இணையப் பக்கத்தில் கணிதம் எழுதும் வடிவமான மேத்எம்எல்லாகவும் தரும். பழைய டாக் வடிவக் கோப்புகளை மட்டும் அது படிக்காது. அவற்றை வேர்டிலோ லிப்ரே ஆபிஸிலோ திறந்து டாக்எக்ஸாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆவணத்தில் 'எச்சரிக்கை', 'மேற்கோள்' என்று நீங்களே பெயரிட்ட ஸ்டைல்கள் பல இருந்தால், மாமத் என்ற கருவியையும் பார்க்கலாம். எந்த ஸ்டைல் எந்தக் குறிச்சொல்லாக வேண்டும் என்று அதற்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க முடியும்.

அட்டவணைகள்

இரண்டு பத்திகளை அருகருகே நிறுத்துவதற்காக மட்டும் போடப்பட்ட அட்டவணைகளைக் கலைத்துவிடுங்கள். கைப்பேசியில் அவை படிக்க இயலாதபடி நெருங்கிவிடும். உண்மையான அட்டவணைகளில் முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று வேர்டிலேயே குறித்துவைத்தால், திரைவாசிப்பான் ஒவ்வோர் எண்ணையும் அதன் தலைப்போடு சேர்த்துச் சொல்ல வழியுண்டாகும். இணைத்த கட்டங்களைப் பிரித்துவிடுவது நல்லது. அகலமான அட்டவணையைப் பக்கவாட்டில் தனியாக நகரும் ஒரு பெட்டிக்குள் வைத்தால், மற்ற உரை திரைக்குள் அடங்கி நிற்கும்.

பக்கத்தை முழுமையாக்குதல்

கிடைத்த கோப்பின் தலைப்பகுதியில் நான்கு செய்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது, குறியேற்றம் யுடிஎஃப்-8 என்னும் அறிவிப்பு. இது கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வர வேண்டும். இரண்டாவது, பக்கத்தின் மொழி தமிழ் என்பதைச் சொல்லும் 'டி, ஏ' என்ற இரண்டெழுத்துக் குறி. வேர்டிலிருந்து வரும் கோப்பில் இது ஆங்கிலம் என்று இருப்பது வழக்கம். அப்படியே விட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். மூன்றாவது, கைப்பேசித் திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கம் அமைய வேண்டும் என்னும் வியூபோர்ட் குறிப்பு. நான்காவது, பக்கத்தின் பெயர். இதை மறந்தால் உலாவியின் மேல்பட்டையில் 'டாக்குமென்ட்1' என்று நிற்கும்.

பாணித்தாளைச் சுருக்கமாகவே எழுதுங்கள். தமிழ் எழுத்துகளில் மேல்விலங்கும் கீழ்வளைவும் மிகுதி என்பதால் வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.6 அல்லது 1.7 மடங்கு இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு ஓரமும் சமமாக நிறுத்தினால் குறுகிய திரையில் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். ஆகவே இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். சாய்வெழுத்தும் தமிழுக்கு அழகன்று. அழுத்தம் தர வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தே போதும். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழை முதலிலும், கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவை அடுத்தும் குறிப்பிடலாம்.

கோப்புக்குப் பெயரிடும்போது இடைவெளி இல்லாமல், சிறிய ஆங்கில எழுத்துகளும் இணைப்புக்கோடும் மட்டும் பயன்படுத்துங்கள். தமிழில் பெயரிட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிகிறது. 'தமிழ்' என்ற ஒரே சொல் 45 குறிகள் ஆகிவிடும். மின்னஞ்சலில் அது இரண்டு வரியாக உடைந்து, இணைப்பு வேலை செய்யாமல் போவதும் உண்டு.

ஏற்றுவதற்கு முன், இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் சரிபார்ப்பியில் பக்கத்தை ஒருமுறை சோதியுங்கள். பிறகு உலாவிச் சாளரத்தை 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, பக்கவாட்டில் எதுவும் வெளியே நீள்கிறதா என்று பாருங்கள். உலாவியின் தேடல் வசதியில் 'கொ', 'கௌ' எழுத்துகள் வரும் ஓரிரு சொற்களைத் தட்டி, எல்லா இடங்களிலும் அகப்படுகின்றனவா என்று சரிபாருங்கள். கடைசியாக, மூல ஆவணத்தையும் பக்கத்தையும் அருகருகே வைத்து, அடிவரை இறங்கிப் படியுங்கள். அடிக்குறிப்புகளின் எண்ணிக்கையையும் படங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

பின்னால் திருத்தம் வந்தால், மூல ஆவணத்தில் திருத்தி மீண்டும் மாற்றி ஏற்றுங்கள். இணையப் பக்கத்தில் மட்டும் கைவைத்தால், அடுத்த முறை ஆவணத்தை மாற்றும்போது பழைய பிழை திரும்பி வந்துவிடும். நான் டாக்எக்ஸ் கோப்பையும், அதை மாற்றப் பயன்படுத்திய கட்டளையை எழுதிய ஒரு சிறு உரைக் கோப்பையும் ஒரே கோப்புறையில் வைத்திருக்கிறேன்.